நோயற்றவளுக்கு ஓர் அழைப்பு

"எனக்குத்தான் ஒன்றும் இல்லையே சிஸ்டர், நான் எதற்கு வரவேண்டும்?" என்று, பதிவேடும் கையுமாக வாசலில் வந்து நிற்கும் செவிலியரைப் பார்த்து நம் கிராமத்துப் பெண்கள் கேட்கும் கேள்வி, மேலெழுந்தவாரியாக நோக்குவோர்க்கு அறியாமையின் கேள்வியாகத் தோன்றலாமாயினும், சற்றே நின்று யோசித்தால் அது மிகவும் நியாயமான கேள்வி என்பதை ஒப்புக்கொள்ள நேரும். மனிதன் வைத்தியம் என்ற ஒன்றைக் கண்ட நாள் முதலாக, வலி கண்டவன் வைத்தியனைத் தேடிப் போவதே உலக வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. வைத்தியனே புறப்பட்டு, வலியென்று ஏதும் அறியாமல் அடுப்படியிலும் வயற்காட்டிலும் வேலையாயிருக்கும் ஒருத்தியைத் தேடிப் போய், அவள் தன் கணவனிடத்தும் பேசக் கூசுகின்ற அவயவங்களைப் பரிசோதனைக்குக் காட்டும்படி வேண்டுவது, அந்த வழக்கத்தை அடியோடு தலைகீழாக்கும் காரியம். அத்தகைய காரியத்தைச் செய்யத் துணிகிற சாஸ்திரம், அதற்குத் தக்க காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் அரசாங்கங்கள் இலவசமாக நடத்தும் பரிசோதனைத் திட்டங்களின் சூட்சுமம் முழுவதும் அந்தக் காரணத்தில்தான் அடங்கியிருக்கிறது. அது இவ்விரண்டு அவயவங்களுக்கும் ஒன்றாக இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கர்ப்பப்பையின் வாயை எடுத்துக்கொள்வோம். கர்ப்பப்பை கீழ்நோக்கிக் குறுகி, யோனிக்குள் சிறிது நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கழுத்துப் பகுதியின் வெளிப்புறத்தை, நம் வாயின் உட்புறத்தைப்போல், தட்டையான செல்கள் பல அடுக்காக மூடியிருக்கின்றன. அதன் உட்கால்வாயையோ உயரமான செல்கள் ஒரே வரிசையில் நின்று மூடியிருக்கின்றன. இவ்விருவகைச் செல்களும் சந்திக்கும் எல்லை ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. பெண் பருவம் எய்தும்போதும் கருவுறும்போதும் உட்புறச் செல்கள் சற்று வெளியே வந்து, அங்குள்ள அமிலத்தன்மையைத் தாங்கமாட்டாமல், காலக்கிரமத்தில் தட்டைச் செல்களாக உருமாறுகின்றன. சரீரத்தின் இயற்கையான ஏற்பாடுதான் இது. ஆனால் பழைய சுவரை இடித்துப் புதுச் சுவர் எழுப்பும்போது வீட்டுக்குள் திருடன் புகுவது எளிதாவதுபோல, இந்த உருமாறும் மண்டலமே கிருமி புகுவதற்கு வாகான இடமாக அமைந்துவிடுகிறது.

அந்தக் கிருமி ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்பதாகும். ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசன், புற்றுத் திசுக்களிலிருந்து இதன் 16ஆம் வகையை 1983இலும், 18ஆம் வகையை அதற்கடுத்த ஆண்டிலும் பிரித்தெடுத்துக் காட்டினார். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகில் உண்டாகும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இவ்விரு வகைகளே காரணம். தாம்பத்திய உறவின் வழியே தொற்றும் இந்த வைரஸ், மணவாழ்வில் இருக்கும் ஆண் பெண் இருபாலரில் பெரும்பாலோரை ஆயுளில் ஒரு முறையாவது தொட்டுவிட்டுத்தான் போகிறது. பத்தில் ஒன்பது பேரிடம், உடம்பின் காவற்சக்தி இதனை இரண்டு ஆண்டுகளுக்குள் யாருக்கும் தெரியாமலே விரட்டிவிடும். எஞ்சிய சிலரிடத்தில் மாத்திரம் அது குடியேறித் தங்கி, செல்கள் மிதமிஞ்சிப் பெருகாமல் தடுக்கின்ற புரதங்களை ஒவ்வொன்றாய்ச் செயலிழக்கச் செய்து, மெல்ல மெல்லச் செல்களின் சுபாவத்தையே மாற்றிவிடுகிறது.

இங்கே 'மெல்ல மெல்ல' என்ற சொல்லே முக்கியமானது. தொற்று குடியேறிய நாளிலிருந்து அது புற்றாக முற்றுவதற்கு, சரீரபலம் குன்றாத பெண்ணிடத்தில், சாதாரணமாக 15 முதல் 20 ஆண்டுகள் செல்கின்றன. அத்தனை காலமும் செல்கள் விபரீதமாக மாறிக்கொண்டிருக்குமேயன்றிப் புற்றாகியிரா. வலி இராது, உதிரப்போக்கு இராது, அவளுக்கு அதன் சுவடே தெரியாது. ஆனால் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு அது புலப்படும். புலப்பட்டால், அந்தச் சிறு பகுதியைக் குளிரால் உறைய வைத்தோ, சூட்டால் பொசுக்கியோ, மயக்க மருந்துகூடத் தேவைப்படாமல், சில நிமிஷங்களில் அகற்றிவிடலாம். புற்றுநோய்களின் கூட்டத்தில் இவ்வளவு நீண்ட தவணை கொடுக்கும் நோய் அபூர்வம். "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று சொன்னவளுக்கு மறுமொழி இதுதான்: ஒன்றும் தெரியாமலிருக்கும் அந்தக் காலமே அவளைக் காப்பாற்றுவதற்கு ஏற்ற காலம்.

இந்தத் தவணையை உலகம் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது கிரேக்க நாட்டிலே பிறந்து நியூயார்க்கில் உழைத்த ஜார்ஜ் பாபனிகொலாவ் என்ற மருத்துவரால். கர்ப்பப்பை வாயிலிருந்து உதிரும் செல்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியால் பார்த்து, வரப்போகும் புற்றை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம் என்பதை அவர் 1928இலேயே சொல்லியும் உலகம் செவிசாய்க்கவில்லை. ஹெர்பர்ட் டிராட் என்பாருடன் சேர்ந்து 1943இல் அவர் வெளியிட்ட நூலுக்குப் பிறகே அது மருத்துவமனைகளில் நுழைந்தது. அவர் பெயரின் முதல் எழுத்துகளால் 'பாப் ஸ்மியர்' என்று வழங்கும் இச்சோதனை, ஒழுங்காக நடத்தப்பட்ட மேல்நாடுகளிலே இந்நோயை வெகுவாகக் குறைத்துவிட்டது. நம் நாட்டிலோ அது நகரங்களைத் தாண்டவில்லை. தகட்டை எடுக்க ஒருவர், அதைப் படிக்கப் பயின்ற ஒருவர், அவர் இருக்கும் ஆய்வுக்கூடம், முடிவு வந்த பிறகு அந்தப் பெண் மறுபடியும் வருவதற்குப் பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலி இழப்பும் என்று வரிசையாக அடுக்கிப் பார்த்தால், இடையில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மொத்தச் சங்கிலியும் வீணாகும் என்பது விளங்கும்.

ஆய்வுக்கூடமே வேண்டாத ஓர் உபாயம் இருக்கிறது. அதன் பொருட்டு நாடவேண்டிய வஸ்து வினிகரைப் போன்றதே என்றால் படிப்பவர்கள் நகைக்கக்கூடும். பழந்தமிழில் காடி என்று வழங்கிய அந்தப் புளிப்புத் திரவத்துக்கு உயிராயிருக்கும் அசிட்டிக் அமிலத்தை, நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு என்ற அளவில் நீரில் கலந்து, பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் ஒற்றிவிட்டு ஒரு நிமிஷம் காத்திருந்தால், ஆரோக்கியமான பகுதி இளஞ்சிவப்பாகவே இருக்க, விபரீதமாக மாறிய பகுதி வெள்ளையாகத் திரண்டு தெரியும். மாறுதலடைந்த செல்களின் உட்கருவில் புரதம் மிகுதியாக இருப்பதால், அமிலம் பட்டவுடன் அது தற்காலிகமாக உறைந்து ஒளியைத் திருப்பியனுப்புகிறது. முட்டையின் வெண்கரு வேகும்போது வெளுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நல்ல விளக்கு, ஸ்பெகுலம் என்னும் விரிப்பான், பஞ்சு, பயிற்சி பெற்ற ஒரு செவிலியரின் கண் ஆகிய இவ்வளவே தேவை. முடிவு அப்போதே தெரிந்துவிடுகிறது. ஒரு குறையும் உண்டு: மாதவிலக்கு நின்ற பிறகு, செல்கள் சந்திக்கும் அந்த எல்லை உட்கால்வாய்க்குள் ஒடுங்கிவிடுவதால், வயது முதிர்ந்தவர்களிடம் இது அவ்வளவு நன்றாகப் பலிப்பதில்லை.

இவ்வளவு எளிய உபாயம் உயிரைக் காக்குமா என்ற சந்தேகத்தைத் தீர்த்து வைத்த இடம் லண்டனுமன்று, பாஸ்டனுமன்று. நம்முடைய திண்டுக்கல் மாவட்டம். அம்பிளிக்கையிலுள்ள ஒரு சமூக மருத்துவ நிலையமும், அடையாற்றுப் புற்றுநோய் நிலையமும், பிரான்சு தேசத்தில் லியோன் நகரிலிருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையைச் சேர்ந்த டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன் முதலியோரும் கூடி நடத்திய அந்த ஆய்வில், மாவட்டத்தின் ஊர்களை 114 தொகுதிகளாக வகுத்து, பாதித் தொகுதிகளில் மாத்திரம் 30 முதல் 59 வயது வரையிலுள்ள பெண்களை இந்தச் சோதனைக்கு அழைத்தார்கள். தகுதியுள்ளவர்கள் 49,311 பேர். 2000 முதல் 2003 வரை வந்து சோதித்துக்கொண்டவர்கள் 31,343 பேர். அவர்களுள் 3,088 பேருக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது. இந்த எண்ணைக் கண்டு திகைக்க வேண்டாம். வெள்ளைத் திட்டு என்பது 'இன்னும் உற்றுப் பார்க்கவேண்டும்' என்ற குறிப்பேயொழியப் புற்றுநோய் என்ற தீர்ப்பன்று. அதனை முதலிலேயே சொல்லிவைக்காத செவிலியரால் எத்தனை பெண்கள் வீணாய்ப் பல இரவுகள் உறக்கமிழந்திருப்பார்கள் என்பதை நினைத்தால், பயிற்சியின் முக்கால் பங்கு பேசக் கற்றுக்கொள்வதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயுளில் ஒரே ஒரு முறை நடந்த அந்தச் சோதனையாலும் அதைத் தொடர்ந்த சிகிச்சையாலும், அழைக்கப்பட்ட ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் நேர்ந்த மரணம் 35 விழுக்காடும் குறைந்தன என்று 2007இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமங்களின் பெண்கள் உலக மருத்துவத்துக்குக் கொடுத்த இந்தப் பாடம், நம் பாடப்புத்தகங்களில் இடம்பெறாதது எனக்கு ஒரு குறையே.

மகாராஷ்டிரத்தில் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களைக் கொண்டு நடந்து 2009இல் வெளியான மற்றோர் ஆய்வு, அமிலச் சோதனைக்கு இவ்வளவு சாதகமாக அமையவில்லை என்பதையும் மறைக்கலாகாது. அங்கே மரணத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது, வைரஸின் மரபணுவையே தேடிக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்றுதான். ஆகவே 2021 முதல் உலகச் சுகாதார நிறுவனம் அந்தச் சோதனையையே முதன்மையாகப் பரிந்துரைத்து வருகிறது. அதில் இன்னோர் அனுகூலமும் இருக்கிறது. அதற்கு வேண்டிய மாதிரியைப் பெண் தானே, திரைமறைவில், ஒரு சிறு தூரிகையால் எடுத்துக் கொடுத்துவிடலாம். அந்நியர் முன் படுக்க வேண்டிய கூச்சம் அங்கே எழுவதேயில்லை.

கூச்சத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விஷயத்தை இடையிலே சொல்லிவிடத் தோன்றுகிறது. இத்தாலியில் வெரோனா நகரத்து மரணப் பதிவேடுகளை ஆராய்ந்த ரிகோனி ஸ்டெர்ன் என்ற மருத்துவர், கன்னிமாடத்துத் துறவியரிடம் கர்ப்பப்பைப் புற்று அரிதென்றும் மார்பகப் புற்று மிகுதியென்றும் 1842இலேயே எழுதினார். முதலாவது தொற்றால் வருவது, இரண்டாவது பிள்ளைப்பேறும் பாலூட்டலும் இல்லாமையால் கூடுவது என்று இன்று நாம் அறிவோம். இதிலிருந்து, கர்ப்பப்பை வாயில் நோய் கண்டவளை நடத்தை கெட்டவளென்று பேசும் கொடிய வழக்கம் சிலரிடம் பிறந்துவிட்டது. வாழ்நாளில் கணவனைத் தவிர வேறொருவனை அறியாதவளுக்கும் கணவன் வழியாகவே இத்தொற்று வரக்கூடும் என்பதை அறியாத நாவுகளின் காரியம் அது. அந்த நாவுகளுக்கு அஞ்சியே சோதனைக்கு வராமல் நின்றுவிட்டவர்கள் நம்மிடையே உண்டு.

மார்பகத்தின் கதை வேறு. அங்கே பாற்குழாய்களின் உட்சுவரில் தோன்றும் புற்று, அமிலத்தைத் தொட்டு வைத்துப் பார்க்கும்படி வெளியில் தெரிவதில்லை. எளிதில் பொசுக்கிவிடக்கூடிய நீண்ட முன்பருவமும் அதற்குக் கிடையாது. எனவே கர்ப்பப்பை வாயில் சோதனை புற்றையே வராமல் தடுக்கிறது. மார்பகத்திலோ வந்துவிட்டதைச் சீக்கிரம் கண்டுகொள்ள மாத்திரம் உதவுகிறது. அதுவும் அற்பமான உதவியன்று. கட்டி சிறிதாக, அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாமல் இருக்கும்போது கண்டால், மார்பகம் முழுவதையும் எடுக்காமலே சிகிச்சை செய்யவும், பெரும்பாலோரைப் பிழைக்க வைக்கவும் இயலும். நியூயார்க்கில் 1963இல் ஏறத்தாழ 62,000 பெண்களைக் கொண்டு தொடங்கிய ஆய்வு, எக்ஸ்ரே கொண்டு மார்பகத்தைப் படமெடுக்கும் மேமோகிராம் சோதனை மரணத்தைக் குறைக்கும் என்று முதன்முதலாகக் காட்டிற்று. அதன் பின் இங்கிலாந்து, ஸ்வீடன் முதலிய நாடுகள் அதைப் பொதுத் திட்டமாக்கிக்கொண்டன. ஆயினும் இளவயதினரின் மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் படத்தில் எல்லாம் வெள்ளையாகவே தெரியும். கட்டியும் வெள்ளையாகவே தெரியும். ஒருகாலும் தீங்கு செய்திராத சில சிறு புற்றுகளையும் அது கண்டுபிடித்து வீண் சிகிச்சைக்கு உட்படுத்திவிடுவதும் உண்டு.

இவற்றையெல்லாம் சீர்தூக்கியே, இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் திட்டம், 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை, பயிற்சி பெற்ற செவிலியர் கையால் மார்பகத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனையை வகுத்து, சந்தேகம் எழுந்தவர்களை மாத்திரம் மேல்சோதனைக்கு அனுப்புகிறது. இந்தக் கைச்சோதனை பயனுடையதா? பம்பாயின் சேரிகளில் 1998 தொடங்கி, 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்களை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் விடை, ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் நடுவிலே நிற்கிறது: நோய் முற்றாத நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்டது, 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மரணம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது, அதற்குக் குறைந்த வயதினரிடம் அத்தகைய பலன் காணவில்லை. அதே ஆய்வில், சாதாரணப் பள்ளிப்படிப்பே உள்ள பெண் சுகாதாரப் பணியாளர்கள் செய்த அமிலச் சோதனை, கர்ப்பப்பை வாய்ப் புற்று மரணத்தை 31 விழுக்காடு குறைத்தது. ஒப்பிடும் பொருட்டுச் சோதனையின்றி விடப்பட்ட பெண்களுக்கு அநியாயம் நேர்ந்துவிட்டதென்று இவ்வாய்வுகள் பிற்பாடு கடுமையாகக் கண்டிக்கப்பட்டன. அந்தக் கண்டனத்தில் உண்மை இல்லாமலில்லை என்பதே என் அபிப்பிராயம்.

'இலவசம்', 'தகுதி' என்ற இரண்டு சொற்களும் தேசத்துக்குத் தேசம் வெவ்வேறு பொருள் கொள்கின்றன. அமெரிக்காவில் 1990இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி நடக்கும் இலவசச் சோதனைத் திட்டத்தில், வருமானம் குறைந்திருப்பதும் காப்பீடு இல்லாமலிருப்பதுமே தகுதி. அதாவது வறுமையை நிரூபித்துக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். விசித்திரம் என்னவென்றால், சோதனைக்குப் பணம் கொடுத்த அந்தச் சட்டம், சோதனையில் புற்று தெரிந்துவிட்ட ஏழையின் சிகிச்சைக்குப் பணம் ஒதுக்கவில்லை. நோயின் பெயரை மட்டும் சொல்லி வாசலில் விட்டுவிடும் அக்கொடுமையைப் போக்க, 2000இல் வேறொரு சட்டம் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலோ வயதொன்றே தகுதி. தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் 2007இல் முன்னோட்டமாகத் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்த திட்டத்தின்படி, 30 வயது நிறைந்த பெண் எவரும் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ காசு கொடாமல் இவ்விரு சோதனைகளையும் செய்துகொள்ளலாம். நோய் தெரிந்தால் சிகிச்சைக்கு அரசு மருத்துவமனைகளும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இருக்கின்றன.

இருந்தும் வருகிறவர்கள் எத்தனை பேர்? 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களுள் கர்ப்பப்பை வாய்ச் சோதனையை ஆயுளில் ஒரு முறையேனும் செய்துகொண்டதாகச் சொன்னவர்கள், இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை; தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறையப் பத்துப் பேர். தேசத்தின் முன்வரிசையில் நிற்கிறோம் என்று இதில் பெருமை கொள்பவர்கள், மீதித் தொண்ணூறு பேரையும் சேர்த்தே எண்ண வேண்டும். இந்தியாவில் இந்த ஒரு நோயால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 80,000 பெண்கள் இறக்கிறார்கள் என்பது 2022ஆம் ஆண்டின் உலகப் புற்றுநோய் மதிப்பீடு. விலை என்ற தடையை அரசாங்கம் நீக்கிவிட்டது. எஞ்சி நிற்பவை, நாளெல்லாம் கூலிக்குப் போனவளுக்கு மத்தியானமே மூடிவிடும் சோதனை அறையும், திரைச்சீலை இல்லாத ஜன்னலும், வரிசையில் நிற்கும்போது ஊர்க்காரர் எவரேனும் பார்த்துவிடுவாரோ என்ற பயமுமாம். இவற்றைச் சரிசெய்யப் புதிய விஞ்ஞானம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு தச்சனும், ஒரு தையற்காரரும், மாலை ஆறு மணிவரை திறந்திருக்கும் கதவும் போதும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துவிட்டுப் போகலாம். சோதனைக்குச் சில நிமிஷங்களே ஆகும். சிறிது அசௌகரியம் இருக்குமேயன்றிப் பெரிய வலி இராது. பெண் செவிலியரே செய்ய வேண்டுமென்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமையுண்டு, தயங்காமல் கேளுங்கள். உறவுக்குப் பின்னோ, மாதவிலக்கு நின்ற பின்னோ உதிரம் கண்டாலும், மார்பில் கட்டி தட்டுப்பட்டாலும், காம்பிலிருந்து இரத்தக் கசிவு தோன்றினாலும், முறை வரும் ஐந்தாம் ஆண்டுக்குக் காத்திராமல் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும். இந்தக் கட்டுரையைப் படிப்பவர் ஆண்மகனாக இருப்பாராயின், வீட்டில் முப்பது கடந்த பெண் இந்தச் சோதனைக்குப் போகும் நாளில், அவர் அடுப்பையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளக் கடவர்.